இரண்டு பேராசிரியர்கள், ஒரு போஸ்ட்டாக் பணி: சேருமுன் கேட்டுத் தெளிய வேண்டியவை

கேள்வி: வேதிப் பொறியியலில் முனைவர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க இன்னும் சில மாதங்களே இருக்கின்றன. என் ஆய்வு முழுக்க மைக்ரோஃப்ளூயிடிக்ஸ், அதாவது மிக நுண்ணிய கால்வாய்களில் திரவத்தை ஓட்டும் நுட்பம். செல் வளர்ப்பில் கொஞ்சம்தான் பழக்கம். அதுவும் எளிதில் வளரும் செல் வகைகளோடு. ஒரு பல்கலைக்கழகத்தின் பல்துறை உயிர்த்தொழில்நுட்ப மையத்தில், மருந்துகளின் நச்சுத்தன்மையைச் சோதிக்க 'சிப்பில் கல்லீரல்' (நுண்கால்வாய்கள் கொண்ட சிறு சிப்பில் கல்லீரல் செல்களை வளர்க்கும் அமைப்பு) உருவாக்கும் இரண்டு ஆண்டு போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) பணிக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். பொறியியல் பேராசிரியர் ஒருவரும் கல்லீரல் உயிரியல் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து வழிநடத்துகிறார்கள். 'விரும்பத்தக்க தகுதிகள்' என்று போட்டிருப்பதில் பாதி என்னிடம் இல்லை. விண்ணப்பிக்கலாமா? வேலை கிடைத்தாலும், இரண்டு துறையிலும் சேராதவனாகிவிடுவேனோ என்ற பயமும் இருக்கிறது.

பதில்: தயங்காமல் விண்ணப்பியுங்கள். விளம்பரத்தில் 'அவசியம்' என்றும் 'விரும்பத்தக்கது' என்றும் இரண்டு பட்டியல் பிரித்துப் போடுவதற்குக் காரணம் உண்டு. இப்படிப் பிரித்துப் போடும் இடங்களில் தேர்வுக் குழு முதலில் அவசியப் பட்டியலை ஒவ்வொன்றாக எடுத்து மதிப்பெண் போடும். அதில் தேறியவர்கள் நிறையப் பேர் இருந்தால்தான் இரண்டாவது பட்டியலுக்கு வேலை. எனவே அவசியப் பட்டியலில் எல்லாம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால், விண்ணப்பக் கடிதத்தில் அவற்றை அவர்கள் போட்ட அதே வரிசையில், அதே சொற்களில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சான்று காட்டுங்கள். வரிசையை மாற்றி அழகாக எழுதப்போனால், நூறு விண்ணப்பங்களைப் புரட்டும் குழு உறுப்பினர் தேடும் இடத்தில் தேடும் விஷயம் இருக்காது.

தெரியாததைப் பூசி மெழுக வேண்டாம். “செல் வளர்ப்பில் அனுபவம் உண்டு” என்ற வரியை உயிரியல் பேராசிரியர் நம்பமாட்டார். எல்லோரும் எழுதுகிற வரி அது. “ஹெப்ஜி2 செல்களைத் தனியாக வளர்த்திருக்கிறேன், செல் வளர்ப்பை மாசுபடுத்தும் மைக்கோபிளாஸ்மா கிருமிக்கான சோதனையை நானே செய்திருக்கிறேன், மனிதக் கல்லீரலின் முதன்மைச் செல்களை இதுவரை கையாண்டதில்லை” என்று எழுதினால் அவருக்கு இரண்டு விஷயம் தெரியும்: உங்கள் கை எதுவரை பழகியிருக்கிறது, இந்த இரண்டு வகைச் செல்லுக்கும் (ஹெப்ஜி2 கல்லீரல் கட்டியிலிருந்து வந்த, எளிதில் வளரும் வகை; முதன்மைச் செல் கல்லீரலிலிருந்து நேரடியாக எடுத்தது) உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும் என்பது. ஒவ்வொரு திறனையும் 'தனியாகச் செய்வேன்', 'உடன் ஆள் இருந்தால் செய்வேன்', 'கற்க வேண்டும்' என்று மூன்றாகப் பிரித்து எழுதுவதே நேர்மையான வழி. மூன்றாவது வகைக்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற உங்கள் கணக்கையும் சேர்த்துவிடுங்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். பல்துறைப் பணி என்றால் இரண்டு துறைக்கும் சம தூரத்தில் நிற்பது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி நின்றவர்களுக்குத்தான் அடுத்த வேலை தேடும்போது சிக்கல் வருகிறது. அடுத்த தேர்வுக் குழுவும் ஏதோ ஒரு துறையின் குழுவாகத்தான் இருக்கும், “இவரை எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கச் சொல்லலாம்?” என்பதுதான் அங்கே எழும் முதல் கேள்வி. 2018-இல் நொதிகளின் இயக்கிய பரிணாமத்துக்காக வேதியியல் நோபல் பரிசு பெற்ற பிரான்செஸ் ஆர்னால்டின் இளநிலைப் பட்டம் இயந்திர, விண்வெளிப் பொறியியலில். முனைவர் பட்டம் வேதிப் பொறியியலில். புரதங்களை மாற்றியமைக்கும் வேலையில் அவர் இறங்கியது பொறியியலை விட்டுவிட்டல்ல. நிறைய மாற்றங்களைச் செய், சோதி, நல்லதை எடு, திரும்பச் செய் என்கிற பொறியாளரின் வழிமுறையை உயிரியலுக்குள் கொண்டுபோனார். உங்களுக்கும் வேதிப் பொறியியல்தான் சொந்த ஊர். அங்கிருந்து போய் வாருங்கள்.

நடைமுறையில் இதற்கு என் பரிந்துரை இது: பணி நியமனம் உங்கள் பலம் இருக்கும் துறையில் இருக்கட்டும், தினமும் உட்காரும் மேசை, குறைந்தது முதல் ஆறு மாதமாவது, பலவீனம் இருக்கும் ஆய்வகத்தில் இருக்கட்டும். ஆண்டு மதிப்பீட்டைப் பொறியியல் பேராசிரியர் எழுதினால் உங்கள் வேலையின் எடை அவருக்குத் தெரியும். மேசை உயிரியல் ஆய்வகத்தில் இருந்தால், செல் ஏன் செத்தது என்பதைப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். இது தலைகீழாக அமைந்துவிட்டால் ஒரு வருடம் கழித்தும் நீங்கள் அந்த ஆய்வகத்துக்குச் 'சிப் செய்து தரும் ஆள்' மட்டும்தான்.

இந்தத் திட்டத்தில் எங்கே உதைக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நேர்காணலுக்கு இதுவே உதவும். சிப் செய்ய நீங்கள் பழகிய பொருள் அநேகமாகப் பிடிஎம்எஸ் என்ற, ரப்பர் போன்ற சிலிக்கோன்தான். அடிப்படைப் பொருள் 10 பங்கு, இறுக்கி 1 பங்கு கலந்து, காற்றுக் குமிழியை வெற்றிடத்தில் எடுத்து, வார்ப்பில் ஊற்றி, அடுப்பில் வேகவைத்து, ஆக்ஸிஜன் பிளாஸ்மாவால் கண்ணாடியில் ஒட்டும் வேலை. பொறியாளருக்கு இதைவிட வசதியான பொருள் கிடையாது. ஆனால் பிடிஎம்எஸ், நீரில் எளிதில் கரையாத, கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். மருந்துகளில் பல அந்த வகைதான். நீங்கள் 10 மைக்ரோமோலார் செறிவில் மருந்தை உள்ளே அனுப்புகிறீர்கள். செல்லுக்குப் போய்ச் சேர்வது அதில் ஒரு பகுதிதான். செல்கள் நன்றாக இருக்கின்றன, மருந்துக்கு நச்சுத்தன்மை இல்லை என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் மருந்து சிப்பின் சுவருக்குள் போய்விட்டது.

சரி, பொருளை மாற்றிவிடலாம், பாலிஸ்டைரீன் அல்லது வேறு கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்யலாம் என்பது பொறியாளருக்கு உடனே தோன்றும் தீர்வு. அங்கேதான் உயிரியல் குறுக்கே வருகிறது. கல்லீரல் செல்கள் ஆக்ஸிஜனை மிக அதிகமாகச் செலவழிப்பவை. பிடிஎம்எஸ் வாயுக்களைத் தாராளமாக ஊடுருவ விடும். அதுவரை சுவர் வழியாகத்தான் செல்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. கெட்டிப் பிளாஸ்டிக்குக்கு மாறியதும் ஓடும் திரவம் கொண்டுவரும் ஆக்ஸிஜன் மட்டுமே மிச்சம். அதை ஈடுகட்ட ஓட்டத்தைக் கூட்டினால் செல்மேல் படும் இழுவிசை (ஓடும் திரவம் ஒரு பரப்பை உரசி இழுக்கும் அளவு) கூடும், அதுவும் கல்லீரல் செல்லுக்கு ஆகாது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1 மில்லிமீட்டர் அகலம், 0.1 மில்லிமீட்டர் உயரம் உள்ள கால்வாயில், மணிக்கு 30 மைக்ரோலிட்டர் ஓட்டம், திரவத்தின் பாகுநிலை 0.7 மில்லிபாஸ்கல்-நொடி. சுவரில் படும் இழுவிசை ஏறத்தாழ 0.0035 பாஸ்கல். ஓட்டத்தை 10 மடங்கு கூட்டினால் இதுவும் 10 மடங்கு. உயரத்தைப் பாதியாக்கினாலோ அதே ஓட்டத்துக்கு 4 மடங்கு, ஏனென்றால் சூத்திரத்தில் உயரத்தின் இருபடியால் வகுக்கிறோம்.

நேர்காணலில் இந்த மூன்றையும் ஒரே ஸ்லைடில் வைத்து, எதை எப்படி அளப்பீர்கள் என்று சொல்லுங்கள். செல் இல்லாத வெறும் சிப்பில் மருந்தை ஓட்டி, வெளியேறும் திரவத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று திரவ நிறப்பிரிகை–நிறை நிறமாலை மானியால் (LC-MS) அளப்பது முதல் சோதனை. வெளியேறும் இடத்தில் ஆக்ஸிஜன் உணரி வைத்து, செல் இருக்கும்போதும் இல்லாதபோதும் அளப்பது இரண்டாவது. இழுவிசையை மேலே சொன்ன கணக்கால் கொடுக்கலாம். இரண்டு பேராசிரியர்களும் ஒரே படத்தைப் பார்த்துத் தங்கள் கவலைக்குப் பதில் இருக்கிறது என்று உணர வேண்டும். பல்துறைப் பணிக்கான உரையில் பலர் கோட்டை விடுவது இங்கேதான்: பாதி நேரம் ஒருவருக்கு, பாதி நேரம் மற்றவருக்கு என்று பிரித்துப் பேசி, இரண்டு பேரையும் பாதி நேரம் சும்மா உட்கார வைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று, உயிரியல் பேராசிரியர் நிச்சயம் கேட்பார்: “உங்கள் மாதிரி எண்ணிக்கை எத்தனை?” பொறியியலில் பழகியவர் சிப்பை எண்ணுவார். 3 கொடையாளர்களின் செல்லை ஆளுக்கு 10 சிப்பில் போட்டால் 30 என்பார். மனிதர்களிடம் இந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்பது கேள்வியாக இருக்கும்போது மாதிரி எண்ணிக்கை 3. ஒரே ஆளின் செல்லில் செய்த 10 சிப்பும் அந்த ஒருவரை நன்றாக அளக்க உதவுமே தவிர புதிதாக ஒரு மனிதரைச் சேர்க்காது. இந்த ஒரு தவறால் கட்டுரை திரும்பி வந்தால் மறுபடி கொடையாளர் தேடுவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிடும். அதோடு, முதல் கொடையாளரின் செல்லை முழுக்க மருந்துக்கும் இரண்டாமவரின் செல்லை முழுக்கக் கட்டுப்பாட்டுக்கும் (மருந்து சேர்க்காத ஒப்பீட்டுக்கும்) பயன்படுத்திவிட்டால், தெரிகிற வித்தியாசம் மருந்தாலா ஆளாலா என்பதை எந்தப் புள்ளியியல் நிபுணராலும் பிரித்துத் தர முடியாது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கொடையாளருக்கும், மருந்தும் கட்டுப்பாடும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டும்.

வேலை கிடைக்கும் நிலை வந்தால், கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை உண்டு. கேட்பதால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நல்ல ஆய்வகங்களில் இதற்கெல்லாம் பதில் தயாராகவே இருக்கும்.

உங்கள் பணிக்குப் பணம் தரும் ஆய்வு மானியம் எந்தத் தேதியில் முடிகிறது? 'இரண்டு ஆண்டு' என்று விளம்பரத்தில் இருக்கும். மானியத்தின் கடைசித் தேதி நிலையானதாக இருந்து, விசா, மருத்துவப் பரிசோதனை என்று நீங்கள் நான்கு மாதம் தாமதமாகச் சேர்ந்தால், உங்களுக்குக் கிடைப்பது 20 மாதமாக இருக்கலாம். சேரும் நாளிலிருந்து 24 மாதமா, குறிப்பிட்ட தேதி வரையா என்று எழுத்தில் கேளுங்கள். கூடுதல் பணமில்லாமல் காலத்தை மட்டும் நீட்டிக்க மானியம் இடம் தருகிறதா என்றும் கேளுங்கள்.

மனிதத் திசுவுக்கான நெறிமுறைக் குழு அனுமதி கையில் இருக்கிறதா, விண்ணப்பிக்கப் போகிறார்களா? இந்த ஒரு கேள்வியில் ஆறு மாதம் தங்கியிருக்கலாம். அனுமதி இருந்தால், அதில் உங்கள் பெயரைச் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்பது அடுத்தது. மனிதச் செல்லைத் தொடுமுன் உயிர்ப் பாதுகாப்பு இரண்டாம் நிலை (தொற்று அபாயமுள்ள பொருளைக் கையாளும் விதிகள்) பயிற்சியும், பல இடங்களில் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் கேட்பார்கள். தடுப்பூசியின் வழக்கமான மூன்று தவணை ஆறு மாதம் வரை நீளும். போட்டுக்கொள்ளவில்லை என்றால் இப்போதே தொடங்குங்கள்.

உறைந்த கல்லீரல் செல்களை விற்பனையாளரிடம் வாங்குகிறார்கள் என்றால், ஒரே தொகுதியிலிருந்து எத்தனை குப்பி ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒவ்வொரு தொகுதியும் வேறொரு மனிதரின் கல்லீரல். நொதிகளின் வேகமே ஆளுக்கு ஆள் பல மடங்கு மாறும். பாதிச் சோதனையில் தொகுதி தீர்ந்துபோனால் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒட்டாது. போதாக்குறைக்கு, சாதாரணத் தட்டில் வளர்த்தால் இந்தச் செல்கள் சில நாட்களிலேயே மருந்தைச் சிதைக்கும் சைட்டோக்ரோம் பி450 நொதிகளின் செயலை இழந்துவிடும். சிப் கட்டுவதே அதைத் தடுக்கத்தான். எத்தனை நாள் செயல் நிலைத்திருக்கிறது என்று அவர்களிடம் ஏற்கெனவே உள்ள தரவைக் காட்டச் சொல்லுங்கள். இல்லை என்றால், அதை உருவாக்குவதே உங்கள் முதல் வருட வேலை என்று புரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு பேராசிரியர்களும் சேர்ந்து உங்களைச் சந்திப்பது எப்போது? 'தேவைப்படும்போது' என்றால் அது ஒருபோதும் நடக்காது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இருவரும் ஒரே அறையில் அல்லது ஒரே காணொளி அழைப்பில், என்று கேட்டு வாங்குங்கள். தனித்தனியாகச் சந்தித்தால் இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் கொண்டுபோய் விளக்கும் வேலை உங்கள் தலையில் விழும். கருத்து வேறுபட்டால் யார் சொல் இறுதி என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பேராசிரியர்கள் இல்லாத நேரத்தில் அங்கே இப்போது இருக்கும் ஒருவரிடமும், போனவர் ஒருவரிடமும் பேச அனுமதி கேளுங்கள். போனவரைத் தேடுவது கடினமில்லை. கடந்த சில ஆண்டுகளின் கட்டுரைகளில் முதல் ஆசிரியர்களின் (பட்டியலில் முதலில் வருபவர், பெரும்பாலும் முக்கிய வேலையைச் செய்தவர்) பெயரை எடுத்து, இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பாருங்கள். அதிலும் பொறியாளர் முதல் ஆசிரியராக இருக்கும் கட்டுரை ஒன்றாவது உயிரியல் ஆய்வகத்திலிருந்து வந்திருக்கிறதா என்று கவனியுங்கள். சிப் செய்தவரின் பெயர் எப்போதும் நடுவிலேயே இருந்தால் உங்களுக்கும் அதே இடம்தான் காத்திருக்கிறது. யார் எதைச் செய்தார் என்று குறிக்க 14 பங்களிப்பு வகைகளைக் கொண்ட 'கிரெடிட்' முறையைப் பல ஆய்விதழ்கள் கேட்கின்றன. அந்தப் பட்டியலைத் திட்டத்தின் தொடக்கத்திலேயே நிரப்பி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருத்துங்கள். கட்டுரை எழுதி முடித்த பிறகு பேசினால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

24 மாதத்தைப் பிரிக்கும் விதத்தில் எனக்குத் திடமான கருத்து உண்டு. செல்லை நம்பி மட்டும் முதல் கட்டுரையைத் திட்டமிடாதீர்கள். பயிற்சிக்கும் அனுமதிக்கும் மூன்று மாதம் போய்விடும். அந்த மூன்று மாதத்திலேயே செல் இல்லாத சிப்பில் மருந்து உறிஞ்சலும் ஆவியாதலும் அளக்கத் தொடங்குங்கள். ஆவியாதலைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்: 37 டிகிரியில், சில மைக்ரோலிட்டர் மட்டுமே உள்ள கால்வாயில், பிடிஎம்எஸ் வழியாக நீராவி வெளியேறினால் செல் வளர்க்கும் திரவத்தின் உப்புச் செறிவு ஏறும், அதை மருந்தின் பாதிப்பு என்று எளிதாகத் தவறாக எடுத்துக்கொள்ளலாம். இந்த அளவீடுகளோடு ஆக்ஸிஜன் அளவீட்டையும் சேர்த்தால் சுமார் பத்தாவது மாதத்துக்குள் ஒரு முழு பொறியியல் கட்டுரை கையில் இருக்கும், அதில் நீங்கள்தான் முதல் ஆசிரியர். நச்சுத்தன்மை பற்றிய பெரிய கட்டுரை அதற்குப் பிறகு வரட்டும். அதற்குப் பொறியியல் மதிப்பாய்வாளர் கூடுதல் அளவீடு கேட்பார், உயிரியல் மதிப்பாய்வாளர் கூடுதல் கொடையாளர் கேட்பார், அச்சாக நாளாகும். ஆய்விதழுக்கு அனுப்பும் அன்றே பயோஆர்க்கைவ் (bioRxiv) இணையதளத்தில் முன்பதிப்பாக, அதாவது மதிப்பாய்வுக்கு முந்தைய வடிவில், போட்டுவிட்டால் அடுத்த வேலைக்கான விண்ணப்பத்தில் காட்டலாம். அந்த விண்ணப்பங்களை பதினைந்தாவது மாதத்திலேயே தொடங்க வேண்டும், கடைசி மாதத்தில் அல்ல.

முன்பதிப்புக்கு முன் ஒரு எச்சரிக்கை. சிப்பில் காப்புரிமைக்குரிய எதுவும் இருந்தால் முதலில் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பரிமாற்ற அலுவலகத்திடம் சொல்லுங்கள். ஐரோப்பிய விதியில், விண்ணப்பிக்கும் முன் பொதுவில் வெளியிட்டால் புதுமை போய்விடும். மாநாட்டில் ஒட்டிய சுவரொட்டியும் வெளியீடுதான். அமெரிக்காவில் ஓராண்டு சலுகைக் காலம் உண்டு, ஆனால் அதை நம்பி மற்ற நாடுகளை இழக்க வேண்டாம். தொழில் நிறுவனம் ஒன்று திட்டத்தில் பங்காளி என்றால், வெளியிடுமுன் அவர்கள் படித்துப் பார்க்க எத்தனை நாள் கேட்கிறார்கள் என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள்.

சொந்த நிதியோடு போக வழி உண்டா என்றும் யோசியுங்கள். உயிரியல் ஆய்வுக்கு நிதி தரும் சர்வதேச அமைப்பான ஹியூமன் ஃபிரான்டியர் சயன்ஸ் புரோகிராமின் 'குறுக்குத்துறை' ஃபெலோஷிப், இயற்பியல், வேதியியல், பொறியியல், கணினியியல் போன்ற உயிரியல் அல்லாத துறைகளில் முனைவர் பட்டம் பெற்று உயிரியலுக்குள் வருபவர்களுக்காகவே இருப்பது; நீங்கள் அந்த வகைதான். ஐரோப்பாவின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி ஃபெலோஷிப்புக்கு, விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் நீங்கள் பணியாற்றப் போகும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது என்ற விதி உண்டு. முதலில் போய்ச் சேர்ந்துவிட்டு அப்புறம் விண்ணப்பிக்கலாம் என்று இருந்தவர்கள் பலருக்கு அந்த விதியே கதவை அடைத்திருக்கிறது. இவற்றில் பலவற்றுக்குப் பட்டம் பெற்ற நாளிலிருந்து கடிகாரம் ஓடுவதால், பணியில் சேரும் தேதியை முடிவு செய்யுமுன் அந்தந்த ஆண்டு அறிவிப்பை ஒருமுறை படியுங்கள்.

எப்போது மறுக்கலாம்? நெறிமுறை அனுமதியும் இல்லை, மானியம் முடிய ஒன்றரை ஆண்டுக்கும் குறைவு, இரண்டு பேராசிரியர்களும் இதுவரை ஒரு கட்டுரைகூடச் சேர்ந்து எழுதியதில்லை: இந்த மூன்றும் ஒன்றாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏதாவது ஒன்று மட்டும் என்றால் பேசிச் சரிசெய்யலாம். பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலில், “இன்று நாம் பேசியதில் நான் புரிந்துகொண்டவை இவை” என்று எழுதி, இரண்டு பேருக்கும் ஒரே மடலாக அனுப்புங்கள். பதில் வந்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள்.